கண்ணன் இட்ட முட்டைகள்

கேள்வி:

வைத்தியர் ஐயா, இரண்டரை வருடத்துக்கு முன் மகன் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கொக்கட்டீல் குஞ்சு வாங்கி வந்தான். உடம்பு வெள்ளை, முகமும் கொண்டையும் மஞ்சள், கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. ஆண் என்று கடைக்காரர் சொன்னதால் கண்ணன் என்று பெயர் வைத்தோம். புரட்டாசிக் கடைசியில் கண்ணன் முட்டை இட்டுவிட்டது! சோடி இல்லாத முட்டைதானே என்று எடுத்து எறிந்தோம். இரண்டு நாளில் இன்னொன்று. எடுக்க எடுக்க இடுகிறது, இதுவரை 11. கடைசியாக வந்தது ஓடில்லாமல் தோல் முட்டையாக இருந்தது.

கடையில் வாங்கும் கலவைத் தீன்தான் போடுகிறோம். கிண்ணம் காலியாக விடுவதில்லை. அதில் சூரியகாந்தி விதையைத்தான் பொறுக்கித் தின்னும். பகலில் வீட்டுக்குள் திறந்துவிடுவோம். அலுமாரிக்குக் கீழே பழைய சேலைத் துணிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது, கையை நீட்டினால் சீறுகிறது. இரவு மகன் படித்து முடிக்கும்வரை அவன் தோளில்தான் இருக்கும். முதுகைத் தடவியபடியே படிப்பான். விளக்கு அணைக்கப் பதினொரு மணியாகும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கல்சியத்துக்கு அது போதாதா? குருமணல் கொடுக்க வேண்டும் என்கிறார்கள், சரியா? கொண்டைக்குப் பின்னால் மொட்டையாக இருப்பது நோயா? சில இரவுகளில் திடீரென்று கூட்டுக்குள் அடித்து விழுகிறது. கோயில் திருவிழா வெடி நாட்களில் இன்னும் மோசம். வீட்டைச் சுற்றி வெங்காயமும் புகையிலையும் என்பதால் மருந்து அடிக்கும் மணமும் வரும். ஓர் ஆணைச் சோடி சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாமி சொல்கிறா. என்ன செய்வது?

வாசகி, புத்தூர்

பதில்:

கடைசி முட்டை தோல் முட்டையாக வந்தது என்ற வரியை நான் திரும்பவும் வாசித்தேன். மற்றவற்றை ஆறுதலாகக் கதைக்கலாம், இதை இன்றே கவனிக்க வேண்டும். முட்டை ஓட்டுக்குத் தேவையான கல்சியம் தீனிலிருந்து கிடைக்காதபோது பறவை தன் எலும்பிலிருந்தே எடுக்கும். 11 முட்டை இட்ட பிறகு எலும்பிலும் கையிருப்பு குறைந்துவிட்டது என்பதுதான் அந்தத் தோல் முட்டை சொல்லும் செய்தி. முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்குவதற்கும் கல்சியம் வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த முட்டை உள்ளேயே அடைபட்டுவிடும்.

அடைபட்டால் எப்படித் தெரியும்? கண்ணன் இறகை உப்பிக்கொண்டு கூட்டின் தரையில் வந்து இருக்கும். கால்களை அகட்டி வைத்து, வாலை மேலும் கீழும் ஆட்டி, முக்கும். எச்சம் வராது. சிலவேளை ஒரு கால் இழுபடும், ஏனென்றால் உள்ளிருக்கும் முட்டை நரம்பை அழுத்துகிறது. இதில் எதைக் கண்டாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். சில மணித்தியாலங்களிலேயே உயிர் போகலாம். ஒரு அட்டைப்பெட்டியில் துணி விரித்துப் பறவையை வையுங்கள். வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி ஒரு பக்கமாக வைத்து, உள்ளே 30 பாகை செல்சியசோ சற்றுக் கூடவோ இருக்கச் செய்யுங்கள். முன்பெல்லாம் மின்குமிழைத் தொங்கவிட்டுச் சூடு கொடுப்போம், இன்றைய எல்.ஈ.டி. குமிழை நம்பினால் வெளிச்சம்தான் மிஞ்சும். பறவை வாயைத் திறந்து இறக்கையை அகட்டினால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம்.

எண்ணெய் விடுவது, வயிற்றை அமுக்குவது, ஊசியால் முட்டையைக் குத்தி உடைப்பது எதுவும் வேண்டாம். அப்படிச் செய்து காப்பாற்றினோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செத்துப்போன பறவைகளின் கதையை யாரும் வந்து சொல்வதில்லை.

பெட்டியோடு நேரே கால்நடை வைத்தியரிடம் போங்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு மாடும் ஆடும் கோழியும்தானே வரும், இதைக் கொண்டுபோனால் சிரிப்பார்களோ என்று பலர் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. கல்சியம் ஊசியும் நீரேற்றமும் எல்லா வைத்தியருக்கும் தெரிந்த வேலைதான். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு: பறவையின் நிறையைக் கிராம் கணக்கில் சொல்லுங்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான். கொக்கட்டீல் பொதுவாக 80 முதல் 110 கிராம் வரை இருக்கும். அடுப்படியில் பாவிக்கும் இலத்திரனியல் தராசு ஒன்று போதும். கிழமைக்கு இரு தடவை, காலையில் தீன் வைக்க முன் நிறுத்துக் கொப்பியில் எழுதி வாருங்கள். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும் இனம். உப்பிக்கொண்டு இருப்பதை நாம் காணும்போது நோய் முற்றியிருக்கும். நிறையோ அதற்குப் பல நாள் முன்பே இறங்கத் தொடங்கிவிடும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வைத்தியரைப் பாருங்கள்.

இப்போது, ஏன் இப்படி இடுகிறது என்பதற்கு வருவோம். ஆண் இல்லாமலும் பெண் பறவை முட்டை இடும் என்பது கோழி வளர்க்கும் ஊரில் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் கோழி மனிதரால் தலைமுறை தலைமுறையாக முட்டைக்கென்றே தெரிந்தெடுக்கப்பட்டது. கொக்கட்டீலை அப்படி யாரும் ஆக்கவில்லை. அது அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துப் பறவை, கொக்கட்டூ குடும்பத்திலேயே மிகச் சிறியது. அங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கூட்டமாக அலைந்து திரியும். மழை விழுந்து, புல் விதை பிடித்து, வயிறு நிறையத் தொடங்கினால்தான் உடம்பு இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். தண்ணீருக்குப் பக்கத்தில் பட்ட மரப்பொந்து ஒன்றைத் தேடி இருட்டுக்குள் முட்டை இடும். நாலு முதல் ஏழு வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் இட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். நல்ல காலம் முடிவதற்குள் குஞ்சு பறந்துவிட வேண்டும் என்ற அவசரம் அதன் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த உடம்போடு கண்ணன் புத்தூரில் இருக்கிறது. கிண்ணம் ஒருநாளும் காலியாவதில்லை, அதிலும் கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி விதை. விளைச்சல் காலம் என்று உடம்பு எண்ணுகிறது. அலுமாரிக்குக் கீழே இருட்டும் துணியும் மரப்பொந்தாகிவிட்டன. பறவைகளுக்குள் முதுகையும் இறக்கைக்குக் கீழேயும் தொடும் உரிமை சோடிக்கு மட்டும்தான். உங்கள் மகன் பாசத்தோடு தடவுவதைக் கண்ணன் வேறுவிதமாக விளங்கிக்கொள்கிறது. இரவு பதினொரு மணிவரை வெளிச்சம் என்றால் பகல் பதினேழு மணித்தியாலம். யாழ்ப்பாணத்தில் ஆனியிலும் மார்கழியிலும் பகலின் நீளத்துக்கு இடையே வித்தியாசம் ஒரு மணித்தியாலமளவுதான். அப்படியொரு நீண்ட கோடையைக் கண்ணனுக்குக் கொடுப்பது ரியூப் லைற்றுதான். ஐப்பசி பிறந்து கூரையில் மழை விழத் தொடங்கிய பிறகும் முட்டை நிற்கவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நீங்கள் அன்பாகச் செய்தவை எல்லாம் சேர்ந்து, இட்டுக்கொண்டே இரு என்று அதற்குச் சொல்லிவிட்டன.

இன்னொன்று, முட்டையை எடுத்து எறிந்தது. குறைந்ததை நிரப்ப அது மறுபடியும் இட்டது. அடுத்து இட்டால் எடுக்காதீர்கள். பென்சிலால் திகதியைக் குறித்துக் கூட்டின் தரையிலேயே விடுங்கள். பொரிக்காது, நாறவும் அவசரப்படாது. உடைந்ததை மட்டும் அகற்றுங்கள். நாலைந்து சேர்ந்ததும் இடுவதை நிறுத்தி அடைகாக்கும். 18 முதல் 21 நாள் வரை இருந்துவிட்டுத் தானாகவே சலித்து எழும்பும். அதுவரை இடைஞ்சல் செய்யாமல் விட்டால் உடம்புக்கு நல்ல ஓய்வு. எழும்பிய பின் எடுத்துவிடுங்கள். ஆனால் கூட்டுக்குள் பெட்டி, துணி, தேங்காய்ச் சிரட்டை எதையும் முட்டைக்கென்று வைக்க வேண்டாம்.

மற்றவற்றை இன்றைக்கே மாற்றலாம். அலுமாரிக்குக் கீழ்ப்பக்கத்தைப் பலகையால் அடைத்துவிடுங்கள். பொழுது பட்டதும் கூட்டை வெளிச்சமும் தொலைக்காட்சிச் சத்தமும் இல்லாத அறைக்குக் கொண்டுபோய், மூன்று பக்கம் துணியால் மூடுங்கள். பன்னிரண்டு பதின்மூன்று மணித்தியால அமைதி வேண்டும். மகன் தலையையும் கன்னத்தையும் கொண்டை அடியையும் தடவட்டும், கழுத்துக்குக் கீழே வேண்டாம். படிப்புக்குத் துணை தேவையென்றால் மாலை நேரத்தில் கூடவே இருந்து சீழ்க்கை அடிக்கலாம். இந்த மாற்றங்களுக்கு ஒரு மாதமாவது கொடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் முட்டையை அடக்கும் ஹோர்மோன் ஊசியும் தோலுக்குக் கீழே வைக்கும் மருந்தும் உண்டு. அவற்றைப் பறவை மருத்துவம் தெரிந்தவர்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

தீன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முட்டையை நிறுத்துகிறேன் என்று பட்டினி போடாதீர்கள், கண்ணன் இப்போது வற்றிப்போன உடம்பு. குறைக்க வேண்டியது சூரியகாந்தியை மட்டும். கடைக்கலவையோடு தினை, சாமை, குரக்கன் கலந்து நாளுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி வையுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் கதிராகக் கட்டி நல்ல விலைக்கு விற்பது தினைக்கதிர்தான். குரக்கன் 100 கிராமில் 340 மில்லிகிராமளவு கல்சியம் உண்டு, தானியங்களில் அதை மிஞ்ச ஆள் இல்லை. வேலியில் நிற்கும் முருங்கையிலும் கல்சியம் நிறைய உண்டு. ஒரு கெட்டு முருங்கை இலையை நனைத்துக் கூட்டில் தொங்கவிட்டுப் பாருங்கள்: முதல் நாள் பயந்து கொண்டையை நிமிர்த்தும், மூன்றாம் நாள் அதற்குள் புகுந்து குளிக்கும், பிறகுதான் தின்னும். கரட், பூசணி, பப்பாசி ஆகியவற்றில் உயிர்ச்சத்து ஏ உண்டு. விதை மட்டும் தின்னும் பறவைகளுக்கு அதுதான் முதலில் குறையும். முளைகட்டிய பயறு, கிழமைக்கு இரு தடவை அவித்த முட்டை கொஞ்சம். பால்சோறு, பிஸ்கற் போன்றவை வேண்டாம்.

கணவாய் ஓட்டை இன்னும் நீங்கள் தொடவில்லை போலத் தெரிகிறது. கொழும்பில் இதை உறையில் போட்டு விற்கிறார்கள், நமக்குக் கடற்கரை பக்கத்தில் இருக்கிறது. மீன் சந்தையில் கணவாய் வெட்டுபவரிடம் கேட்டால் சும்மாவே தருவார். நன்றாகக் கழுவி, இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்து, வெயிலில் மொரமொரவென்று காயவைத்து, மெத்தென்ற பக்கம் பறவையைப் பார்க்கக் கம்பியில் கட்டுங்கள். கொறிக்காவிட்டால் கத்தியால் சுரண்டி அவித்த முட்டையில் தூவலாம். கோழிமுட்டை ஓட்டையும் பத்து நிமிடம் அவித்துக் காயவைத்து இடித்துப் போடலாம்.

இவ்வளவு கல்சியம் கொடுத்தும் வெயில் இல்லாவிட்டால் பாதி வீண். உயிர்ச்சத்து டி இல்லாமல் குடல் அதை உறிஞ்சாது. தோலில் நேர்வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால்தான் அந்தச் சத்து உருவாகும். கண்ணாடி யன்னல் அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடிக்கு உள்ளே காயும் வெயில் சூட்டைத்தான் கொடுக்கும். காலை வெயிலில் முற்றத்தில் இருபது நிமிடம் வையுங்கள், கூட்டின் பாதியில் நிழல் விழவேண்டும். ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். காகமும் பூனையும் கம்பிக்கு வெளியே இருந்தே பறவையைப் பயத்தில் கொன்றுவிடும்.

கிணற்றுத் தண்ணீர் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. நிலாவரைக் கிணற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சுண்ணாம்புக் கல் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே நன்னீரும் அடியில் உப்பும் என்று அந்தக் கிணறே பாடம் நடத்துகிறது. உங்கள் தண்ணீரில் கல்சியம் இருப்பது உண்மைதான். ஆனால் கொக்கட்டீல் ஒரு நாளில் குடிப்பது இரண்டு தேக்கரண்டியளவு. அதில் வரும் கல்சியம் ஒரு முட்டை ஓட்டுக்குக் காணாது. கூடவே இன்னொன்று: குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்திலிருந்து இறங்கிய நைத்திரேற்று கூடியிருப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். வீட்டில் நீங்கள் குடிக்கும் தண்ணீரையே கண்ணனுக்கும் கொடுங்கள், காலையும் மாலையும் மாற்றுங்கள்.

குருமணல் வேண்டாம். புறாவும் கோழியும் தானியத்தை முழுசாக விழுங்குவதால் அரைக்கக் கல் தேவை. கொக்கட்டீல் உமியை உரித்துத்தான் தின்கிறது.

மொட்டை நோயல்ல. வெள்ளை மஞ்சள் நிறத்தவை லுட்டினோ எனப்படும். சாம்பல் நிறப் பறவையில் 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புளோரிடாவில் தோன்றிய நிறமாற்றம். அந்த வம்சத்தை நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கியதில் கொண்டைக்குப் பின்னால் இறகில்லாத இடமும் கூட வந்துவிட்டது. அந்த இடம் சிவந்து, புண்ணாக இருந்தால் மட்டும் வைத்தியரிடம் காட்டுங்கள். கடைக்காரரையும் அதிகம் கோபிக்க வேண்டாம். சாம்பல் நிறத்தில் என்றால் ஆணின் முகம் முதல் இறகுதிர்வுக்குப் பிறகு பளிச்சென்று மஞ்சளாகிவிடும். லுட்டினோவில் குஞ்சைப் பார்த்து ஆண் பெண் சொல்வது ஊகம்தான். வளர்ந்த பிறகு வால் இறகின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தால் பெண்ணுக்கு மங்கலான மஞ்சள் கோடுகள் தெரியும்.

இரவுப் பயமும் லுட்டினோக்களுக்குக் கூட. காட்டில் இருட்டில் சத்தம் கேட்டால் கூட்டமே ஒன்றாகப் பறந்து தப்பும், கூட்டுக்குள் அதே பறவை கம்பியில் மோதும். முழு இருட்டு வேண்டாம். சுவரில் செருகும் மங்கலான சின்ன விளக்கு ஒன்று போதும், முட்டைக்குத் தூண்டாது, கம்பியும் கட்டையும் தெரியும். இரவில் ஊஞ்சலையும் விளையாட்டுச் சாமானையும் எடுத்துவிடுங்கள். பல்லியும் எலியும் கூட்டின்மேல் ஓடாத இடம் பாருங்கள். திருவிழாவும் தீபாவளியும் என்றால் கூட்டை வீட்டின் நடு அறைக்கு மாற்றி, யன்னலைச் சாத்தி, வெடி தொடங்க முன்பே விளக்கைப் போட்டு யாராவது பக்கத்தில் இருந்து கதையுங்கள். அடித்து விழுந்ததில் புதிதாக முளைக்கும் இறகு முறிந்து இரத்தம் வந்தால் கோதுமை மாவை வைத்து மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடத்தில் நிற்காவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். நூறு கிராம் உடம்பில் சில துளி இரத்தமே பெரிய இழப்பு.

மருந்து மணம் சின்ன விஷயமல்ல. பறவையின் மூச்சு நுரையீரலோடு நிற்பதில்லை, உடம்பெங்கும் காற்றுப்பைகள். நம்மைவிட வேகமாக நஞ்சை இழுக்கும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் தெளிக்கும் நாளை முன்பே கேட்டு வையுங்கள், நம் ஊரில் அதற்கு யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. அன்று காற்று வரும் பக்க யன்னலை மூடி, மறுபக்க அறையில் வையுங்கள். வேலியில் பறித்த இலையானாலும் தெளித்து இரண்டு கிழமைக்குக் கொடுக்காதீர்கள். நுளம்புச் சுருள், சாம்பிராணி, வாசனைத் தெளிப்பான் மூன்றும் பறவை இருக்கும் அறையில் கூடாது. நுளம்புக்கு வலையால் கூட்டை மூடலாம். நொன்ஸ்டிக் சட்டியை வெறுமனே அடுப்பில் மறந்துவிட்டால் அதன் பூச்சிலிருந்து எழும் புகை மணமில்லாமலே நிமிடங்களில் கொல்லும். அடுப்படிக்குப் பக்கத்தில் கூடு இருந்தால் இன்றே மாற்றுங்கள். ஆனைக்கொய்யா, சொக்கிளேற், வெங்காயம், உப்புத் தீனி எதுவும் வாயில் படக்கூடாது. இருக்கைக் கட்டைக்குக் கொய்யாக் கொப்பு நல்லது. அலரியைத் தொடவே வேண்டாம்.

மாமி சொன்ன சோடி விஷயம். மரியாதையோடு மறுக்கிறேன். இப்போது ஆணைச் சேர்த்தால் முட்டை நிற்காது, இன்னும் கூடும், அதுவும் பொரிக்கும் முட்டையாக. கல்சியம் இழந்த தாய், அனுபவமில்லாத தகப்பன், இரண்டு கிழமைக்குப் பிறகு ஊட்டாமல் விடப்பட்ட குஞ்சுகள் என்று கையால் ஊட்டவேண்டிய வேலை உங்கள் தலையில் வரும். புதுப்பறவையை வேறு அறையில் முப்பது நாளாவது தனியே வைத்திருந்துதான் சேர்க்க வேண்டும், ஏனென்றால் கிளி இனங்களிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் சிற்றக்கோசிஸ் என்னும் நோய் வெளியே தெரியாமல் வரும். வீட்டில் யாருக்காவது பறவை எச்சம் துப்புரவாக்கிய பிறகு காய்ச்சலும் வறட்டு இருமலும் விடாமல் இருந்தால் பறவை வளர்ப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். பொருத்தமான நுண்ணுயிர்க்கொல்லியில் குணமாகும்.

கண்ணனுக்கு இன்னும் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆயுள் இருக்கிறது. ஒரு வருடம் முட்டை இல்லாமல் நிறையும் நிலையாக இருந்தால் துணை பற்றி அப்போது எழுதுங்கள்; இன்னொரு பெண்ணைச் சேர்ப்பதுகூட ஒரு வழி. பெயரை மாற்றத் தேவையில்லை, அது அந்த அழைப்புக்குத்தான் பழகியிருக்கிறது.